முழுகாமல் இருக்கிறவள் மளிகைக்குப் போகலாமா?

2021 மே 23, ஞாயிற்றுக்கிழமை. மறுநாளிலிருந்து கொரோனாவுக்காகத் தளர்வில்லாத ஊரடங்கு, மளிகைக்கடைகூடத் திறக்காது என்று அறிவித்திருந்தார்கள். அதற்கு முன்னால் சனியும் ஞாயிறும் ராத்திரி 9 மணி வரை கடைகளைத் திறந்துகொள்ளலாம் என்று ஒரு சலுகை. ஒரு வாரமாகக் காலை 10 மணிக்கே கடை சாத்தி, வீட்டுக்குள் அடைந்து கிடந்த சனம் மொத்தமும் அந்த ரெண்டு நாளில் ரோட்டுக்கு வந்துவிட்டது. எனக்கு அப்போது கர்ப்பத்தில் 31ஆவது வாரம்.

பெருந்துறைக்கு மேற்கே, குன்னத்தூர் ரோட்டுப் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் ஐந்து பேர். வீட்டுக்காரருக்கு ஈரோட்டில் மருந்து மொத்தக்கடையில் வேலை. அந்த மாதம் அவருக்கு ஞாயிறும் இல்லை, பண்டிகையும் இல்லை. மாமாவுக்கு 68 வயது, சர்க்கரை. அத்தைக்கு முழங்கால் வலி. மூத்தவனுக்கு நாலு வயது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் தெம்பாக இருந்தது நான் ஒருத்திதான். "நான் போயிட்டு வந்தர்றேனுங்க அத்தை, பக்கத்துலதானே" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கடை முன்னால் நாற்பது பேர் இருப்பார்கள். பாதிப் பேருக்கு முகக்கவசம் தாடையில். உள்ளே ஒரு ஆள் நுழையும் அகலத்தில் சந்து, ரெண்டு பக்கமும் மூட்டை, தலைக்கு மேலே ஒரு பழைய மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஐம்பது நிமிடம் நின்றேன். துவரம்பருப்பு எடை போடும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. யாரோ ஒரு அக்கா கையைப் பிடித்து எண்ணெய் டின் மேல் உட்கார வைத்து, முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, சோடா வாங்கிக் கொடுத்தார்கள். நல்ல மனசு. ஆனால் அந்த ஊரிலேயே அந்த நேரத்தில் முகக்கவசத்தைக் கழற்றக் கூடாத ஒரே இடம் அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் செய்ததுதான் கூத்து. வாங்கி வந்த அத்தனை பாக்கெட்டையும் வாசலில் போட்டு, துணி சோப்புத் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கழுவினேன். பருப்புப் பாக்கெட் ஒன்றில் காற்றுப் போக ஊசித் துளை போட்டிருந்தது எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் டப்பாவைத் திறந்தால் ஊறிப் புளித்த வாடை. அத்தை ஒன்றும் சொல்லாமல் பருப்பை முறத்தில் கொட்டி வெயிலில் வைத்தார்கள். கோழிக்குத்தான் ஆனது.

ஐம்பது நிமிடம் கூட்டத்து மூச்சுக்குள் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து பாக்கெட்டைக் கழுவியவள் நான். என் சித்தி மகள் இப்போது மாசமாக இருக்கிறாள். காய்ச்சல் சீசன் வந்தாலே "கடைக்குப் போகட்டுமாக்கா, வேண்டாமா" என்று போன் பண்ணுகிறாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. ரெண்டாவது பிள்ளையைக் கொரோனா நடுவில் பெற்றவள், அவ்வளவுதான்.

எதை எண்ண வேண்டும்

சாம்பிராணி போடுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கதவு சாத்திய அறையில் சாம்பிராணி போட்டால் அரை மணி கழித்தும் புகை நிற்கும். வாசலில் போட்டால் அப்போதே காற்றோடு போய்விடும். நோய் இருக்கிறவர் விடுகிற மூச்சும் அப்படித்தான். பேசினால் கொஞ்சம், சத்தமாகப் பேசினால் நிறைய, இருமினால் இன்னும் நிறைய. ஆகவே கடையில் எத்தனை பொருளைத் தொட்டோம் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை நிமிடம் நின்றோம், கூரையும் சுவரும் இருந்ததா என்று எண்ணுங்கள்.

பொருளைத் தொடுவதால் தொற்று வருகிற வாய்ப்பு ரொம்பக் குறைவு. ஒரு தடவை தொடுவதற்குப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலிலேயே சொல்லியிருந்தது. நான் பருப்பைக் கழுவியது அதற்கு ஒன்றரை மாதம் கழித்து.

இன்னொரு கணக்கையும் தப்பாகப் போட்டிருந்தேன். வீட்டில் சின்னவள், அதனால் எனக்கு ஆபத்து குறைவு என்று. மாசமாக இருக்கும்போது அந்தக் கணக்கு செல்லாது. அதே வயதுப் பெண்களோடு ஒப்பிட்டால் கர்ப்பிணிக்குக் கொரோனா முற்றி ஐசியூ வரைக்கும் போகிற வாய்ப்பு கூடுதல். குழந்தை குறைமாதத்தில் பிறக்கவும் வாய்ப்பு உண்டு. கடைசி மூன்று மாதம் இன்னும் கவனம். கர்ப்பப்பை மேலே ஏறி நெஞ்சுக்கூட்டை நெருக்குவதால் சாதாரண நாளிலேயே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் காலம் அது. போதாக்குறைக்கு அந்த மே மாதத்தில் கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசியே கிடையாது. ஜூலை 2ஆம் தேதிதான் மத்திய சுகாதாரத் துறை அனுமதி கொடுத்தது. மாமா ஏற்கெனவே ஒரு ஊசி போட்டிருந்தார். அப்படிப் பார்த்தால் அன்றைக்கு எங்கள் வீட்டிலேயே கடைக்குப் போகக் கூடாத முதல் ஆள் நான்தான்.

யார் போவது

வேலைக்காக எப்படியும் வெளியே போகிற ஆள் யாரோ அவரே மளிகையும் வாங்கட்டும். எங்கள் வீட்டுக்காரர் தினமும் பஸ் இல்லாத காலத்தில் பைக்கில் ஈரோடு போய் வந்தவர். வெளியே போவது அவர் ஒருத்தரோடு நிற்கட்டும் என்று அதற்கப்புறம் முடிவு பண்ணினோம். ஒரு வீட்டுக்கு ஒரு ஆள். மாற்றி மாற்றிப் போவது நியாயமாகத் தெரியும், ஆனால் அது நோய் வீட்டுக்குள் வருகிற வழியை அதிகமாக்குகிற வேலை.

வீட்டுக்காரர் சரி, ஆனால் அவருக்குக் கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் வித்தியாசம் தெரியாதே என்றால், போட்டோ அனுப்புங்கள். ரெண்டு வாரத்தில் கற்றுக்கொள்வார்கள்.

வெளியே போய் வருகிறவரோடு நாம் ஒரே வீட்டில் இருக்கிறோம் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். அவருக்குத் தொண்டை கரகரத்தாலோ உடம்பு வலித்தாலோ அன்றிலிருந்து ஆசாரத்தில் (முன்கூடத்தில்) தனியாகப் படுக்கட்டும், சன்னல் திறந்திருக்கட்டும். இதைக் காய்ச்சல் வருவதற்கு முன்னாலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது. வந்த பிறகு பேசினால் மனஸ்தாபம்தான் மிச்சம்.

கணவர் வெளியூரில், வீட்டில் பெரியவர்கள் மட்டும் என்றால் பக்கத்து வீட்டுத் தம்பியைக் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். எனக்கும் இருந்தது. மூன்றாம் வீட்டுத் தம்பியிடம் ஒருநாள் கேட்டேன். "இதுக்கு எதுக்குங்கக்கா இவ்வளவு யோசிக்கறீங்க, சீட்டக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

பதினைந்து நாள் சீட்டு

மூன்று நாளைக்கு ஒருமுறை வாங்குகிற பழக்கத்தை விட்டு, பதினைந்து நாளைக்கு ஒட்டுக்கா வாங்கினால் கடைக்குப் போகிற தடவை மாதத்துக்கு ரெண்டாகிவிடும். ஆனால் சீட்டு சரியாக இருக்க வேண்டும். ஒரு பொருள் விட்டுப்போனாலும் மறுபடி ஒரு நடை.

எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கு: அரிசி 25 கிலோ சிப்பம் ஒன்று, அது மாதத்துக்கே வரும். துவரம்பருப்பு 2 கிலோ. எங்கள் பக்கம் அரிசியும்பருப்பும் வாரம் ரெண்டு நாளாவது செய்யாவிட்டால் வீடு வீடாக இருக்காது. பச்சைப்பயறு, தட்டைப்பயறு ஒவ்வொரு கிலோ. நிலக்கடலை ஒரு கிலோ, எனக்கென்று தனியாக. கடலை எண்ணெய் ரெண்டு லிட்டர். ராகி மாவு ஒரு கிலோ. நாட்டுச்சர்க்கரை ஒன்றரைக் கிலோ. தேங்காய் எண்ணெய் மட்டும் கடையில் வாங்கவில்லை. காங்கேயத்திலிருந்து அம்மா ஒரு கேன் கொடுத்துவிட்டிருந்தார். மாவட்டம் தாண்டி வர இணையத்தில் இ-பதிவு செய்ய வேண்டும் என்றிருந்ததால் அம்மா வரவில்லை, எண்ணெய் மட்டும் ஒரு சரக்கு வண்டியில் வந்தது. மாசமாக இருக்கிறவளுக்குச் செய்கிற கட்டுச்சோறு விருந்தும் அப்படித்தான், ஊர் கூட்டிச் செய்ய வேண்டியது வீட்டு ஐந்து பேரோடு முடிந்தது.

கொள்ளு சூடு, மாசமா இருக்கிறவள் தொடக் கூடாது என்று அத்தை சொன்னார்கள். நான் வாதாடவில்லை. கொள்ளு ரசம் இல்லாமல் ரெண்டு மாதம் இருந்தால் யாரும் இளைத்துப்போக மாட்டார்கள். எள்ளுக்கும் அதே பேச்சு, அதே பதில்.

காயை அழுகுகிற வரிசையில் சாப்பிட வேண்டும். வாங்கின அன்றும் மறுநாளும் கீரை, கொத்தமல்லி. அப்புறம் வெண்டை, கத்திரி, பீர்க்கு. முதல் வாரம் கடைசியில் முட்டைக்கோஸ், பீட்ரூட், கேரட். ரெண்டாவது வாரத்துக்குப் பூசணி, சேனை, உருளை. சின்ன வெங்காயத்தைப் பாலிதீன் பையிலிருந்து எடுத்துச் சாக்கு விரித்து அதன் மேல் பரப்பிவிட்டால் மாதம் தாங்கும். கொல்லையில் முருங்கை இருக்கிற வீடு பாக்கியசாலி வீடு. இரும்புச்சத்துக்கு அந்தக் கீரையோடு ஒரு மூடி எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால் உடம்பில் நன்றாகச் சேரும். டீ, காப்பியைச் சாப்பாட்டோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்க்காமல், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

மாத்திரையும் சீட்டில்தான் வரும். ஃபோலிக் ஆசிட், இரும்புச்சத்து, கால்சியம் பத்து நாளைக்குத்தான் மிச்சம் இருக்கிறது என்று தெரிந்ததுமே நர்ஸம்மாவுக்குப் போன் பண்ணிவிடுங்கள். தீர்ந்த அன்றைக்குப் பண்ணாதீர்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பதிந்தவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகம் தருகிறார்கள். சத்துமாவு, பேரீச்சை, நெய், இரும்புச்சத்து டானிக் எல்லாம் அதில் வருகிறது. பரிசோதனைக்குப் போகிற நாளிலேயே கேட்டு வாங்கி வந்துவிட்டால் அதுக்கென்று ஒரு நடை மிச்சம்.

கூடையும் வாசல் கேட்டும்

மே 24க்கு அப்புறம் தோட்டக்கலைத் துறை வண்டிகள் தெருத் தெருவாகக் காய் கொண்டுவந்தன. நல்ல ஏற்பாடு. ஆனால் வண்டி நின்றதும் சனம் ஈ மொய்க்கிற மாதிரி மொய்த்துவிடும். கடைக் கூட்டம் வண்டிக்கு மாறியதுதான் மிச்சம்.

நான் செய்தது இது. கேட்டின் உள்பக்கமிருந்து ஒரு மூங்கில் கூடையைக் கயிறு கட்டி வெளியே தொங்கவிட்டேன். கூடைக்குள் சீட்டு, சீட்டுக்கு மேலே ஒரு கல். காலையில் வண்டி வருகிற சத்தம் கேட்டதும் தொங்கவிட்டுவிட்டு நான் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்வேன். கூட்டம் கலைந்த பிறகு வண்டிக்கார அண்ணன் கேட்டுக்கு வந்து, சீட்டைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துப் படித்துவிட்டு, அங்கிருந்தே கத்துவார்: "அம்மணி, தக்காளி ரெண்டு கிலோ போட்டிருக்கேனுங்க, கருவேப்பிலை சும்மா வெச்சிருக்கேன், காசு போன்ல போட்டுவிட்ருங்க." அவர் அடுத்த வீடு போனதும் கயிற்றை இழுத்தால் கூடை உள்ளே வரும். கனம் அதிகமென்றால் கயிற்றை இழுக்கக் கூடாது, மாமாவைக் கூப்பிடுவேன். ரெண்டாவது வாரம் கூடையின் பிடி அறுந்து தக்காளி தெருவில் உருண்டது. அப்புறம் சணல் கயிறு மாற்றினோம்.

பால் வாங்குவதும் இதே முறைதான். மதில் மேல் மூடி போட்ட போசி, பால்காரர் ஊற்றிவிட்டுப் போவார். கறந்த பாலோ பாக்கெட் பாலோ, மாசமாக இருக்கும்போது பொங்கக் காய்ச்சாமல் வாயில் வைக்காதீர்கள். இது கொரோனாவுக்காகச் சொல்லவில்லை, எப்போதும் உள்ளதுதான்.

போனில் சொல்லி வாங்குவது

மே 31லிருந்து மளிகைக்கடைக்காரர்கள் போனில் ஆர்டர் எடுத்து வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கலாம் என்று விட்டார்கள். வாட்ஸப்பில் சீட்டை அனுப்பினால் போதும். இதில் என் அனுபவம் ஒன்று.

நான் அனுப்பிய சீட்டில் "கல்லுப்பு 1" என்று இருந்தது. ஒரு பாக்கெட் என்று என் மனசில். வாசலில் ஒரு மூட்டை உப்பு வந்து இறங்கியது. கொண்டுவந்த பையனிடம் திருப்பி எடுத்துப் போகச் சொல்லலாம்தான்; அந்த வெயிலில் சைக்கிளில் அதை மிதித்து வந்தவனைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. தெருவுக்கே உப்பு கொடுத்தோம். அப்புறமும் தீரவில்லை.

ஆகவே அளவை எழுதும்போது கிராம், கிலோ, பாக்கெட், ரூபாய் என்று ஏதாவது ஒன்றைப் பக்கத்தில் போடுங்கள். "மிளகு 100" என்றால் நூறு கிராமா, நூறு ரூபாய்க்கா? இல்லாத பொருளுக்கு என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள்: "பச்சைப்பயறு இல்லைன்னா தட்டைப்பயறு", "இந்தக் கம்பெனி இல்லைன்னா விட்ருங்க". இல்லாவிட்டால் ஒரு சீட்டுக்கு ஆறு தடவை போன் வரும். குரலில் பேசி அனுப்புவதைவிடக் கையால் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புவது மேல். மற்ற பொருளை வாசல் திண்ணையில் வைக்கச் சொல்லுங்கள்; அரிசி சிப்பத்தை மட்டும் உள்ளே, அது இருக்க வேண்டிய மூலை வரைக்கும் கொண்டுபோய் வைக்கச் சொல்லுங்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு வரட்டும், நாம் அந்த நேரம் பின்கட்டுக்குப் போய்விடலாம். 25 கிலோவை "கொஞ்சம்தானே" என்று நாமே தள்ளிக்கொண்டு போனதில் இடுப்பு பிடித்த கதைகள் எங்கள் தெருவிலேயே ரெண்டு உண்டு.

ரேஷன் பொருளுக்குக் கார்டில் பேர் உள்ள யார் போனாலும் சரி. அந்த ஜூனில் 2,000 ரூபாயும் 14 வகை மளிகையும் கொடுத்தார்கள், வீட்டுக்கு வந்து டோக்கனும் கொடுத்தார்கள். மாமா டோக்கனில் போட்ட நேரத்துக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் வந்துவிட்டார். மஞ்சள் விளைகிற ஈரோட்டுக்கு 100 கிராம் மஞ்சள்தூள் பாக்கெட் வந்ததைப் பார்த்துத்தான் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

போயே ஆக வேண்டும் என்றால்

சில நாள் வேறு வழியே இருக்காது. அப்போது நேரம்தான் முக்கியம். கடை திறக்கிற முதல் அரை மணி, வெள்ளன 6 மணிக்கு. கூட்டமும் இருக்காது, வெயிலும் இருக்காது. அக்னி நட்சத்திரத்தில் எங்கள் பக்கம் 11 மணிக்கு மேல் முகக்கவசத்தோடு நிற்பது நல்ல உடம்புக்காரருக்கே கஷ்டம்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். நான் அன்றைக்கு மயங்கியதற்கு நோயும் காரணமில்லை, கூட்டமும் முழுக் காரணமில்லை; காலையில் ஒரு டம்ளர் காப்பி மட்டும் குடித்துவிட்டுப் போய் அசையாமல் நின்றதுதான். மாசமாக இருக்கும்போது நெடுநேரம் நின்றால் ரத்தம் காலிலேயே தங்கி, தலைக்குப் போவது குறையும். நின்றுதான் ஆக வேண்டும் என்றால் கெண்டைக்கால் அசைகிற மாதிரி கால் மாற்றி மாற்றி நில்லுங்கள். ரெண்டு இட்லியோ ஒரு கிண்ணம் ராகிக் களியோ சாப்பிட்டு, போசியில் மோர் குடித்து, பாத்ரூம் போய்விட்டுக் கிளம்புங்கள். கடைத்தெருவில் பெண்கள் போக இடம் கிடையாது என்பதை இன்னும் எத்தனை வருஷம் எழுத வேண்டுமோ தெரியவில்லை.

கிறுகிறுப்பு வந்தால் கடைக்குள் உட்கார வேண்டாம். வெளியே வந்து, ஆள் இல்லாத பக்கமாக மர நிழலில் உட்கார்ந்து, அப்புறம் முகக்கவசத்தை இறக்கித் தண்ணீர் குடியுங்கள்.

என்-95 என்றால் முன்னால் வால்வு இல்லாததாக, மூக்குக் கம்பியை அழுத்தினால் கன்னத்தோடு ஒட்டுவதாகப் பாருங்கள். கண்ணாடி போட்டவர்களுக்குச் சோதனை சுலபம்: மூச்சு விடும்போது கண்ணாடி பனித்தால் மேலே இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். கிடைக்காத நாளில் மூன்று அடுக்கு முகக்கவசத்தின் மேல் ஒரு துணிக் கவசம். முந்தானையும் துப்பட்டாவும் கணக்கில் வராது.

குளிரூட்டிய பெரிய கடையைவிட ரோட்டைப் பார்த்து மேசை போட்டு விற்கிற சின்னக் கடை நல்லது. உழவர் சந்தை திறந்தவெளி. ஒதுக்குப்புறக் கடையில் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். 2020 ஏப்ரலில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் கிருமிநாசினி தெளிக்கிற சுரங்கம் ஒன்று வைத்தார்கள், ஊரே அதைப் பார்த்து அசந்தது. அதே மாதமே ஆள் மேல் கிருமிநாசினி தெளிக்காதீர்கள் என்று அரசு சொல்லிவிட்டது. அந்த மாதிரி எதையாவது எங்கேயாவது இன்னும் வைத்திருந்தால் சுற்றிக்கொண்டு போங்கள்.

வரிசையில் நிற்கும்போது வாய்விட்டுக் கேளுங்கள். "வயித்துப்புள்ளத்தாச்சிங்க, கொஞ்சம் முன்னால விடறீங்களா" என்றால் போதும். அந்தக் கூத்துக்கு அப்புறம் ஒரே ஒரு தடவை நானே போக வேண்டி வந்தது. கேட்டேன். முன்னால் நின்ற பெரியவர் ஒதுங்கியதோடு, "அம்மணிக்கு மொதல்ல போடப்பா" என்று கடைக்காரரையும் அதட்டினார். ஏழு நிமிடத்தில் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதலில் கை. சோப்பு போட்டு இருபது நொடி. பையிலிருந்து எடுத்து டப்பாவில் கொட்டி வைத்த பிறகு இன்னொரு தடவை கை. இவ்வளவுதான் வேலை. பாக்கெட்டைக் கழுவ வேண்டாம். சானிடைசரைக் கையில் தேய்த்துவிட்டு நேராக அடுப்புப் பக்கம் போகாதீர்கள், அது சாராயம். காய்ந்த பிறகு போங்கள்.

காய், பழத்தைக் குழாயைத் திறந்துவிட்டு ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் போதும். சோப்பு, டெட்டால், பாத்திரப் பொடி, பிளீச்சிங் எதுவும் வேண்டாம். அது வயிற்றுக்குள் போனால்தான் வம்பு, அந்த நெடியே மசக்கைக்காரிக்குப் பெரிய வம்பு. கழுவுவதைக் கொரோனாவுக்காகச் செய்யாவிட்டாலும் மண்ணுக்காகச் செய்யத்தான் வேண்டும். கீரையிலும் கிழங்கிலும் ஒட்டி வருகிற மண்ணில் டாக்ஸோபிளாஸ்மா என்கிற ஒட்டுண்ணி இருக்கலாம், வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடியது. கீரையை மூன்று தண்ணீர் விட்டு அலசுங்கள். முட்டையை மட்டும் சோப்பில் கழுவி அடுக்காதீர்கள். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, மேலே இருப்பதை உள்ளே இழுத்துக்கொள்ளும். நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிறது, முட்டைக்குப் பஞ்சமில்லை. மஞ்சள்கரு கெட்டியாகிற வரை வேக வைத்துச் சாப்பிடுங்கள்.

அத்தை வாசல்படியில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, நிலையில் வேப்பிலை செருகினார்கள். அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை, நானும் தினமும் புது வேப்பிலை ஒடித்துக் கொடுத்தேன். கபசுரக் குடிநீருக்கு மட்டும் தலையாட்டவில்லை. மாசமாக இருக்கிறவள் எந்தக் கஷாயத்தையும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது, வீட்டில் அத்தனை பேரும் குடித்தாலும் சரி.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் பதினான்கு நாள் நான் இருந்த பயம் சொல்லி மாளாது. பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கொரோனாவுக்கென்று ஓடிக்கொண்டிருந்தது; ராத்திரியில் ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்ப்பேன். 98, 97, 98. ஒன்றும் வரவில்லை. அதிர்ஷ்டம் என்பதைத் தவிர அதற்கு வேறு பேர் வைக்க முடியாது.

உங்களுக்குக் காய்ச்சல், இருமல், தொண்டை வலி எது வந்தாலும் அன்றைக்கே பார்க்கிற மருத்துவருக்கோ நர்ஸம்மாவுக்கோ சொல்லுங்கள். அவர்கள் கிடைக்காவிட்டால் மருத்துவ உதவி எண் 104க்குப் போன் போடலாம். கைவசம் இருக்கிற வலி மாத்திரையை விழுங்காதீர்கள், சிலது கர்ப்பத்தில் ஆகாது. ஆக்ஸிமீட்டர் 95க்குக் கீழே இறங்கினாலோ, பேசும்போதே மூச்சு வாங்கினாலோ, உதிரம் பட்டாலோ, குழந்தை வழக்கம்போல் அசையவில்லை என்று தோன்றினாலோ விடியட்டும் என்று பார்க்க வேண்டாம், 108. பயத்தில் ஸ்கேனையும் மாதப் பரிசோதனையையும் தள்ளிப்போட்டவர்களை எனக்குத் தெரியும். குறைக்க வேண்டியது கடைக்குப் போகிற நடையை மட்டும்தான்.

ஜூலையில் அனுமதி வந்த அடுத்த வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டுக்கொண்டேன், ரெண்டு நாள் தோள்பட்டை வலித்தது. மாசக் கடைசியில் பொண்ணு பிறந்தாள். அந்த உப்பு மூட்டை அவள் தவழ்ந்து போய் ஓட்டை போடுகிற வரைக்கும் சமையலறை மூலையில்தான் இருந்தது.